ரைபோசோமுக்குப் பொட்டு வைத்த கதை

இந்த ஆண்டு ஆய்வில் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் வரவேற்றுத் துறை மலரில் ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "உங்கள் சாதனைகளில் ஒன்றைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் என் மனைவியிடம் கேட்டேன். "மலர் எப்ப வருது? அதுக்குள்ள ஏதாவது சாதிக்க முடியுதா பாருங்க" என்றாள். ஆகவே என் தவறுகளில் ஒன்றைச் சொல்கிறேன். அதில் எனக்குக் கையிருப்பு ஜாஸ்தி.

கதைக்கு முன் ரைபோசோமைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன், பாடமும் நடத்தினேன். அப்படி இருந்தும் என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

ரைபோசோம் என்பது செல்லுக்குள் உட்கார்ந்து புரதம் கோக்கும் எந்திரம். அமினோ அமிலங்கள்தான் மணிகள். ஒவ்வொரு மணியும் டி.ஆர்.என்.ஏ. என்கிற ஒரு குட்டி வண்டியில் ஏறி வரும். ரைபோசோம் தன் கையில் இருக்கும் ஆர்டர் சீட்டையும் வண்டியின் நம்பரையும் வைத்துப் பார்க்கும். பொருந்தினால் உள்ளே விடும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது யார் என்று பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. நான் தினமும் சிதம்பரத்துக்கு வரும் கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் பாஸ் அட்டையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறாரே, அந்த மாதிரி. சரியான ஆளைச் சரியான வண்டியில் ஏற்றுவது வேறு நொதிகளின் பொறுப்பு. அவை தவறு செய்து ஆள் மாற்றி ஏற்றிவிட்டால், ரைபோசோம் அந்தத் தவறான ஆளையே மாலையில் கோத்துவிடும். நம் தேர்வுக் குழுக்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். காகிதம் சரியாக இருந்தால் போதும் என்கிற கொள்கையை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ரைபோசோம் கறார். அமினோ அமிலங்களில் இரண்டு வகை உண்டு. நம் இரண்டு உள்ளங்கைகளைப் போல, எல்லா விரலும் இருக்கும், ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ரைபோசோம் கோப்பது இடக்கை வகையை மட்டும்தான். வலக்கை வகையைச் சரியான வண்டியிலேயே ஏற்றி அனுப்பினாலும், மணிகளை இணைக்கும் இடத்தில் அது கோணலாக நிற்கும். இணைப்பு விழாது, விழுந்தாலும் நொண்டி நொண்டித்தான் விழும். நம் ஊரில் இடக்கையை நீட்டிப் பிரசாதம் வாங்கினால் திட்டு விழும். செல்லுக்குள் அந்தத் திட்டு வலக்கைக்கு.

இப்போது கதை.

பிச்சாவரம் சதுப்புநிலச் சேற்றில் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வந்திருந்தோம். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளரும் ஜீவன். அதன் ரைபோசோமும் வலக்கை வகையை இப்படித்தான் ஒதுக்குகிறதா, இல்லை கொஞ்சம் தாராளமா என்பதுதான் கேள்வி. அதில் என்னிடம் ஆய்வு செய்த ஸ்காலர் ஸ்டெல்லா. காடாம்புலியூர்ப் பெண். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள். ஆய்வகத்தில் அவள் வாயைத் திறப்பது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று, ஜெபம். இன்னொன்று, என்னிடம் ஏதாவது சந்தேகம் கேட்பது. இரண்டாவதற்குப் பதில் வருவது அரிது என்பதால் முதலாவதை அதிகம் செய்தாள்.

கடலூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஏப்ரல் முடிவதற்குள் தீசிஸைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அம்மா அதற்குள் சர்ச்சில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

எங்கள் ஆய்வகத்தின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தவன் நான். டீப் ஃப்ரீசரில் வைக்கும் குட்டி டியூப்களில் பேனாவால் எழுதினால் உறைபனியில் அழிந்துவிடும். நல்ல லேபிள் கேட்டு அலுவலகத்துக்கு எழுதினால், வந்து சேர்வதற்குள் ஸ்காலருக்குக் கல்யாணமாகிவிடும். அதனால் நான் ஒரு முறை வகுத்தேன். ரேக்கின் இடது வரிசையில் இடக்கை அமிலம் ஏற்றிய டி.ஆர்.என்.ஏ., வலது வரிசையில் வலக்கை அமிலம் ஏற்றியது. எழுத வேண்டாம், படிக்க வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இவ்வளவு எளிமையான யோசனை உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்துக்கும் ஏன் தோன்றவில்லை என்று நான் பெருமையோடு வியந்ததுண்டு. காரணம் பிறகு புரிந்தது.

செப்டம்பரில் ஸ்டெல்லா இரண்டு வகையையும் தயாரித்து, இடம் வலம் பார்த்து ரேக்கில் அடுக்கிவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போனாள். அடுத்து ஆயுதபூஜை வந்தது.

ஆயுதபூஜைக்கு ஆய்வகத்தைக் கழுவுவது எங்கள் அட்டெண்டர் கலியமூர்த்தியின் ராஜ்ஜியம். வருடம் முழுக்க நாங்கள் சொல்வதை அவர் கேட்பார். அன்று ஒரு நாள் அவர் சொல்வதை நாங்கள் கேட்போம். சென்ட்ரிஃப்யூஜுக்கு மாலை, தராசுக்குப் பொட்டு, மைக்ரோஸ்கோப்புக்கு மூன்று கோடு விபூதி. ஃப்ரீசரில் படிந்த பனியைச் சுரண்டியபோது ரேக்குகளை வெளியே எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். நானும் சும்மா நிற்காமல் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். ஸ்டெல்லாவின் ரேக்குக்கு நானே பொட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, பின்பக்கத்தில் வைத்துவிட்டேன் என்று. ஃப்ரீசர் கதவைத் திறந்தால் பொட்டு தெரியாது. அது அவ்வளவு நன்றாக இல்லை என்று எனக்குப் பட்டது. ரேக்கை அரை வட்டம் திருப்பி, பொட்டு வாசலைப் பார்க்கும்படி உள்ளே வைத்தேன்.

இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லா திரும்பி வந்து சோதனையைத் தொடங்கினாள். நவம்பரில் முதல் முடிவு. எங்கள் சதுப்புநில ரைபோசோம் இடக்கை வகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வலக்கை வகையை வாரிக் கோத்திருந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். அதேதான். மூன்றாவது முறையும் அதேதான். பூமியில் உயிர் தோன்றிய நாளில் இருந்து எந்த ரைபோசோமும் செய்யாத காரியத்தை, கிள்ளை கிராமத்தைத் தாண்டி உப்பங்கழியில் கிடந்த ஒரு ஜீவன் செய்துகொண்டிருந்தது.

"சார்," என்றாள் ஸ்டெல்லா, "கண்ட்ரோலுக்கு சாதா பாக்டீரியா ரைபோசோமையும் பக்கத்துலயே ஓட்டிப் பாத்துடலாமா?"

கண்ட்ரோல் என்றால், விடை தெரிந்த ஒன்றையும் கூடவே ஓட்டி, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது. சாதா பாக்டீரியா என்றால் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ப்பது. அதன் ரைபோசோம் இடக்கையை மட்டும்தான் கோக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

"அது தெரிஞ்ச விஷயம்தாம்மா," என்றேன். "தெரிஞ்சத எதுக்குச் செஞ்சு பாக்கணும்? டியூப் வீணாப் போவும்."

அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போய்விட்டாள். வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வியை ஒரு நிமிடத்தில் துரத்திவிட்டேன்.

துறைத் தலைவர் அறைக்கு ஓடினேன். அவரும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக வேலையில் சேர்ந்தவர்கள். ஒன்றாக எதையும் கண்டுபிடிக்காதவர்கள். கேட்டதும் எழுந்து நின்றார்.

"யோவ், நெசமாவா? மதுரைலதான் சாமி கால் மாறி ஆடினாருன்னு சொல்லுவாங்க. நம்மூர்ல ரைபோசோம் கை மாறி ஆடுதா?"

"ஆடுதுயா. மூணு வாட்டி பாத்தாச்சு."

"மார்ச்ல அந்தப் பொண்ணோட செமினாருக்கு வெளியூர்லேர்ந்து ஆள் கூப்டுவோம். பேப்பர்காரங்களையும் கூப்டுவோம். இனிமே நம்ம துறைய எவனும் மூட முடியாது, பாத்துக்க."

துறையை மூட யார் முயன்றார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் காப்பாற்றியவன் நான் என்பது மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டில் சொன்னதுதான் தப்பு. என் மனைவியின் தம்பி கடலூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஒரே பின்னணி, ஒரே சிங்கம். ஒரு வாரத்தில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் பதினைந்து அடியில் நான் நின்றேன். கூலிங்கிளாஸ் போட்டிருந்தேன். எனக்குக் கூலிங்கிளாஸே கிடையாது. பக்கத்தில் சிங்கம். மேலே எழுத்து: "ரைபோசோமுக்கே பாடம் எடுத்த கடலூரின் கண்மணியே! எங்கள் மாமாவே!"

ஃபோன் போட்டேன். "மச்சான், எதுக்குடா இதெல்லாம்? ரைபோசோம் படம் போடாம டி.என்.ஏ. படத்தப் போட்டுருக்க வேற."

"ரைபோசோம் படம் தேடிப் பாத்தேன் மாமா. பெசஞ்ச மாவு மாதிரி இருக்குது. அதப் போட்டா கண்டக்டர் கூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு. இதுதான் சயின்ஸ் மாதிரி இருக்குது."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் பஸ்ஸில் என்னையும் ஜன்னல் வழியாகப் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுல நல்லா இருக்கீங்க சார்" என்றார்.

மார்ச் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு செமினார். தீசிஸ் கொடுக்கும் முன் ஸ்காலர் தன் ஆய்வை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆய்வுக் குழு கேள்வி கேட்டு, சரி என்றால் சமர்ப்பிக்கலாம். சரியில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் வேலை செய்யச் சொல்லலாம். ஸ்டெல்லாவுக்கு ஆறு மாதம் என்றால் அந்தக் கடலூர் வேலை போயிற்று என்று அர்த்தம்.

புதன்கிழமை காலை நான் என் அறையில், பேப்பர்காரர்கள் கேட்டால் எந்தப் பக்கம் முகத்தைக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள்.

"சார், நீங்க வேணாம்னு சொன்னீங்க. ஆனா மனசு கேக்கல. சாதா பாக்டீரியா ரைபோசோமையும் ஓட்டிப் பாத்துட்டேன்."

"சரி. அது இடக்கையத்தான கோத்திருக்கும்?"

"இல்ல சார். அதுவும் வலக்கையத்தான் கோத்திருக்குது."

தாளைப் பார்த்தேன். புத்தகத்தில் இருக்கும் படம்தான். ஆனால் தலைகீழாக.

"சார், ஒண்ணு உலகம் பூரா தப்பா இருக்கணும். இல்லன்னா நம்ம டியூபு தப்பா இருக்கணும்."

பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடமும் உலகம்தான் தப்பாக இருக்கும் என்ற பக்கத்தை நான் நேர்மையாகப் பரிசீலித்துக்கொண்டிருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஃப்ரீசரைத் திறந்தோம். ரேக் இருந்தது. சந்தனப்பொட்டு காய்ந்து, பளிச்சென்று எங்களைப் பார்த்தது.

"இந்தப் பொட்டு நான் வெக்கலியே," என்றாள் ஸ்டெல்லா. "லீவுல இருந்து வந்தப்பவே பாத்தேன். அழகா இருக்குதுன்னு விட்டுட்டேன்."

பின்னால் துடைப்பத்தோடு நின்ற கலியமூர்த்தி சிரித்தார். "சார்தாம்மா வெச்சாரு. பின்னாடி வெச்சுப்புட்டு, கதவத் தொறந்தா தெரியலன்னு சுத்தித் திருப்பி வெச்சாரே. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"ஏன்யா இத்தன நாளா சொல்லல?" என்று கத்தினேன்.

"என்னா சார் சொல்றது? ரேக்கு திரும்புனா என்னா ஆவும்னு எனக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான தெரியும்?"

நான் ஃப்ரீசர் கதவைச் சாத்தினேன்.

முதலில் எனக்குத் தோன்றிய தீர்வைச் சொல்கிறேன். "ஒண்ணும் ஆகலம்மா. கிராஃபுல இடக்கை வலக்கைன்னு போட்டிருக்கிற பேர மட்டும் மாத்திப் போட்டுடு. முடிஞ்சுது."

"அதுவும் நம்பிக்கைதான சார்?" என்றாள். "ரேக்கு திரும்பிச்சுன்னு அண்ணன் சொல்றாரு. டியூபுக்குள்ள என்ன இருக்குதுன்னு யாரு பாத்தது?"

நம்பரை மட்டும் பார்த்து உள்ளே விடுவதை எனக்குள்ளேயே ஒரு ரைபோசோம் செய்துகொண்டிருந்தது. நல்லவேளை, அவளுக்குள் இல்லை. அன்று மதியமே ஒவ்வொரு வரிசையில் இருந்தும் டியூப்களை எடுத்து, வண்டியில் இருந்து அமிலத்தைப் பிரித்து, அது எந்தக் கை என்று கருவியில் போட்டுப் பார்த்தாள். பிறகு புதிதாகக் கொஞ்சம் தயாரித்து, ஒவ்வொரு டியூபிலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதி, இரண்டு பாக்டீரியாவின் ரைபோசோமிலும் மறுபடி ஓட்டினாள். வியாழன் மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. எங்கள் சதுப்புநில ஜீவன் ஊர் உலகத்து ரைபோசோம் செய்வதையே செய்தது. இடக்கையைக் கோத்தது, வலக்கையை ஒதுக்கியது. பிச்சாவரத்து உப்பு அதன் புத்தியைக் கெடுக்கவில்லை. கெட்டது வேறு ஒருவருடையது.

தலைவரிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நாளைக்கு வெளியூர் அம்மா வர்றாங்க. பேப்பர்காரன் வர்றான். இப்ப வந்து சொல்றியே."

"நான்தான் திருப்பி வெச்சேன்னு சொல்லிடலாமா?"

கண்ணைத் திறந்தார். "கெட்டுது போ. நீ கைடுயா. கைடு எங்கியாவது தப்பு பண்ணுவானா? அந்தப் பொண்ணு டியூப மாத்தி எடுத்துட்டான்னு சொல்லு. கவனக்குறைவு. ஆறு மாசம் கழிச்சு குடுக்கட்டும். ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆவப் போற. ஒன் மானம் பெருசா, அதுக்கு ஆறு மாசம் பெருசா?"

இளைய நண்பர்களே, இது எங்கள் தொழிலின் எழுதப்படாத சட்டம். முடிவு நன்றாக வந்தால் "எங்கள் ஆய்வகத்தில் கண்டோம்". முடிவு கெட்டால் "அந்த ஸ்காலர் செய்தது". இந்தச் சட்டத்தை யாரும் வகுப்பில் நடத்துவதில்லை. ஆனால் தேர்வு வைத்தால் எல்லோரும் நூற்றுக்கு நூறு.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் முன் என் அறிமுக உரைக்கான ஸ்லைடில் ஒரு வரி சேர்த்தேன். "ஆய்வு மாணவியின் கவனக்குறைவால் மாதிரிகள் இடம் மாறியதால் முந்தைய முடிவுகள் திரும்பப் பெறப்படுகின்றன." அதை எழுத எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்று கூட நினைத்தேன். பஸ்ஸில் தூங்கிப் போனேன். இதை நான் மனசாட்சி உறுத்தித் தூக்கம் வராமல் புரண்ட கதையாகச் சொல்லலாம். ஆனால் தூங்கினேன். கண்டக்டர்தான் எழுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா தன் பென் டிரைவைக் கொடுத்தாள். "ஒரு தடவ பாத்துடுங்க சார்."

திறந்து பார்த்தேன். தலைப்பு, அறிமுகம், மூன்றாவது ஸ்லைடு. அதில் எழுதியிருந்தாள்: "மாதிரிகளின் இடத்தை நான் சரிபார்க்கத் தவறியதால் முந்தைய முடிவுகள் தவறானவை. அதற்கு நானே பொறுப்பு."

அவள் ஆய்வில் சேர்ந்த நாளில் இருந்து நாங்கள் இருவரும் முழுமையாக ஒத்துப்போனது இந்த ஒரே ஒரு விஷயத்தில்தான். என் வாக்கியமும் அவள் வாக்கியமும் கிட்டத்தட்ட ஒன்றே. அவளுடையது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

"ஏம்மா இப்படிப் போட்டிருக்க?"

"தப்பு என் மேலயும் இருக்குது சார். பொட்டப் பாத்தப்பவே கேட்டிருக்கணும்."

"அதுக்காக? ஆறு மாசம் தள்ளிப் போட்டுட்டாங்கன்னா வேல போயிடுமே."

அவள் பென் டிரைவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நீங்க எப்படியும் அப்படித்தான சார் சொல்லப் போறீங்க. நானே போட்டுட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுன்னு பாத்தேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. கோபப்படவும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற குரலில் சொன்னாள். என்னைப் பற்றி அவளுக்கு இருந்தது சந்தேகம் அல்ல, தகவல். ஐந்து வருடம் என்னைக் கூர்ந்து கவனித்து, மூன்று முறைக்கு மேல் சோதித்து எட்டிய முடிவு. அதுவும் கண்ட்ரோலோடு.

அந்த ஸ்லைடைக் காலி செய்தேன். என் ஸ்லைடில் நான் சேர்த்திருந்த வரியையும் அழித்தேன். "மூணாவது வரும்போது நிறுத்திடு. நான் பேசுறேன்."

"என்ன சார் பேசப் போறீங்க?"

"எனக்கே தெரியலம்மா."

பொய்யில்லை. பதினொரு மணிக்கு அரங்கு நிறைந்திருந்தது. தலைவர் முதல் வரிசையில் வெளியூர்ப் பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பேப்பர்காரர் ஒருவர் கேமராவோடு நின்றார். ஸ்டெல்லா பேச ஆரம்பித்தாள். மூன்றாவது ஸ்லைடு, வெள்ளையாக, வந்து நின்றது. எழுந்தேன்.

கலியமூர்த்தி டீ கொண்டு வந்திருந்தார். ட்ரேயில் இரண்டு வரிசைக் கப்புகள். இடது வரிசை சர்க்கரை போட்டது, வலது வரிசை சர்க்கரை நோயாளிகளுக்கு. ட்ரேயைக் கையில் வாங்கி மேசையில் வைத்தேன். "எங்க லேபுல எல்லாத்தையும் இப்படித்தான் வெப்போம். எழுத மாட்டோம். இது என் கண்டுபிடிப்பு," என்று ஆரம்பித்தேன். "ஆயுதபூஜை அன்னிக்கு நான் பண்ணது இது." ட்ரேயை அரை வட்டம் திருப்பினேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னும் சிலர். வெளியூர்ப் பேராசிரியைக்கும் சர்க்கரை நோய் போலிருக்கிறது. கையை நீட்டியவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, ரேக், நவம்பர். தலைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் வெளியூர்ப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், ரேக் திரும்பினது விபத்து. சரி. சாதாரண பாக்டீரியாவையும் கூட வச்சு ஓட்டியிருந்தா நவம்பர்லயே தெரிஞ்சிருக்குமே. அந்தக் கண்ட்ரோல ஏன் போடல?"

சிரிப்பு நின்றது. ட்ரே விஷயம் வேடிக்கை. இது வேடிக்கை இல்லை. ரேக்கைத் திருப்பியவனை மன்னிக்கலாம். இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் நான் விஞ்ஞானியா இல்லையா என்பது முடிவாகிவிடும். ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். இதற்கும் தானே பொறுப்பேற்கத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்தது.

"ஸ்காலர் கேட்டாங்க மேடம்," என்றேன் முந்திக்கொண்டு. "நான் வேணாம்னுட்டேன். தெரிஞ்ச விஷயம், டியூப் வீணாப் போவும்னு சொன்னேன். இப்ப நீங்க பாக்கப்போற கண்ட்ரோல் என் பேச்சக் கேக்காம அவுங்க பண்ணது."

பேராசிரியை நோட்டில் எழுதினார். இரண்டு வரிக்கு மேல் எழுதினார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்து, "நீங்க தொடருங்க" என்றார்.

ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஸ்டெல்லா ஒன்றையும் விடவில்லை. குழு தனியாகக் கூடியது. வெளியே வராந்தாவில் நான் கலியமூர்த்தியோடு நின்றேன். சர்க்கரை இல்லாத டீயைச் சர்க்கரை போட்டது என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். முப்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும், புதிய சோதனையை இன்னும் ஒரு முறை செய்து சேர்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் முடியும், ஏப்ரலில் சமர்ப்பிக்கலாம். ஸ்டெல்லா சுவரில் சாய்ந்துகொண்டு ஜெபித்தாள். இந்த முறை எனக்கும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் செய்தி வரவில்லை. தலைவர் ஓய்வு பெறும் வரை என்னோடு டீ குடிக்கவில்லை. மாணவர்கள் என்னை "ரேக்கு சார்" என்று அழைத்தார்கள், அது இப்போதும் நடக்கிறது. மச்சான் ஃபோன் செய்தான்.

"மாமா, நீங்க கண்டுபிடிச்சீங்களா இல்லியா? ஒண்ணச் சொல்லுங்க. பேனர்ல ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

"எடுத்துடுடா மச்சான்."

"எடுத்தா துணி வீணாப் போவுமே. 'எங்கள் மாமாவே'ங்கறது மட்டும் இருக்கட்டுமா? அதுல தப்பு ஒண்ணும் இல்லியே?"

ஸ்டெல்லா ஏப்ரல் மூன்றாம் வாரம் சமர்ப்பித்தாள். ஜூனில் வேலையில் சேர்ந்தாள். இப்போது கடலூரில் அவளிடம் படித்த பிள்ளைகள் உங்களில் இரண்டு பேர் என்று கேள்வி. நான் சொன்னதில் சந்தேகம் இருந்தால் அவளிடமே கேளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டால் இன்னும் நல்லது.

சமர்ப்பிக்கும் முன் தீசிஸை என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டு வந்தாள். நான் நேராக நன்றியுரைப் பக்கத்துக்குப் போனேன், கைடுகள் எல்லோரும் அப்படித்தான். அங்கே வழக்கம்போல "மதிப்பிற்குரிய வழிகாட்டி, ஒளிவிளக்கு" எல்லாம் இருந்தது. நானே பலருடைய தீசிஸில் அதை எழுதச் சொல்லியிருக்கிறேன், அதனால் நம்பவில்லை. பிறகு ஆய்வு முறைகள் அத்தியாயத்தைப் புரட்டினேன். வெளியூர்ப் பேராசிரியை சேர்க்கச் சொன்ன ஒரு வரி இருந்தது. எந்த அடைமொழியும் இல்லாமல், மற்ற வரிகளின் அதே அளவு எழுத்தில்: "முதல் தொகுதி மாதிரிகள் வைத்த தாங்கியை ஆய்வு வழிகாட்டி திருப்பி வைத்தார், அவரே அதைத் தெரிவித்தார்."

நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்டெல்லா தயங்கி, "எடுத்துடணுமா சார்?" என்றாள்.

"வேணாம்," என்றேன். "என்னப் பத்தி அச்சுல வந்ததுலயே சரிபாத்து எழுதுனது இது ஒண்ணுதாம்மா." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.